‘நம்ம பாய்’ என்பது உரிமம் ஆகாது



கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம் மஹல்லாக்களில் ஒரு கேள்வி வலம் வரத் தொடங்கும். “வீடு மாறப் போகிறோம், சாமான்களை ஏற்றிப்போக நல்ல ஆள் யாராவது இருக்கிறார்களா?” இதற்குக் கிடைக்கும் விடையும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். “நம்ம பாய் ஒருத்தர் இருக்கிறார். ஐந்து வக்துத் தொழுகையாளி. பயப்படவே வேண்டாம்.” அந்த நிறுவனம் எங்கே பதிவு செய்யப்பட்டிருக்கிறது, பேசிய தொகையை எழுதிக் கொடுப்பார்களா, பொருள் சேதமடைந்தால் யார் பொறுப்பு என்று எவரும் கேட்பதில்லை. யாரேனும் கேட்டுவிட்டால், “ஒரு முஸ்லிமை நம்பமாட்டீர்களா?” என்று அவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறோம்.

இந்த மனப்போக்கைத்தான் நாம் எதிர்க்கிறோம். எழுத்தில் கேட்பது ஈமானுக்குக் குறைவு என்றும், கேளாமல் நம்புவதே தவக்குல் என்றும் நம் மக்கள் எண்ணிக்கொண்டிருப்பது மார்க்கத்தில் இல்லாத ஒன்று. மோசடிக்காரர்கள் தழைத்து வளர்வதற்கு இதைவிடச் சிறந்த உரம் அவர்களுக்குக் கிடைக்கப்போவதுமில்லை.

ஒருவர் மற்றொருவருக்கு நற்சாட்சி கூற முன்வந்தபோது கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அவரிடம் கேட்ட கேள்விகளை இமாம் பைஹகீ (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். அவருக்கு நீர் அண்டை வீட்டுக்காரரா? இல்லை. அவரோடு தீனார், திர்ஹம் கொடுக்கல் வாங்கல் வைத்ததுண்டா? இல்லை. அவரோடு பயணம் சென்றதுண்டா? அதுவும் இல்லை. அப்படியானால் அவரை உமக்குத் தெரியாது என்று உமர் (ரலி) அவர்கள் முடிவு கூறிவிட்டார்கள். பள்ளிவாசலில் அவர் தலை தாழ்வதையும் உயர்வதையும் பார்த்திருப்பீர் போலும் என்று அவர்கள் சொன்னதாகவும் சில அறிவிப்புகளில் வருகிறது. வீடு மாற்றித் தரும் தொழில் என்பது என்ன? காசு கைமாறுவதும் பயணமும் ஒன்றுசேர்ந்ததுதானே அது! உமர் (ரலி) அவர்கள் எந்த இரண்டு இடங்களில் மனிதனை எடைபோடச் சொன்னார்களோ, அந்த இரண்டும் கூடும் தொழிலில் நாம் முன்ஸஃப்பில் நிற்பதை மட்டும் அளவுகோலாகக் கொள்கிறோம்.

இன்னும் தெளிவான முன்மாதிரி ஹிஜ்ரத்தில் இருக்கிறது. உயிருக்கே ஆபத்தான அந்தப் பயணத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் கூலிக்கு அமர்த்திய வழிகாட்டி பனூ தீல் குலத்தைச் சேர்ந்தவர். அன்று அவர் முஸ்லிமாக இருக்கவில்லை. குறைஷிகளின் மதத்திலேயே இருந்தார். ஆயினும் பாலைவழியை நன்கு அறிந்தவர், சொன்ன சொல் தவறாதவர். எனவே தம் இரு ஒட்டகங்களையும் அவரிடம் ஒப்படைத்து, மூன்று இரவுகள் கழித்து ஸவ்ர் குகைக்குக் கொண்டுவருமாறு நாள் குறித்துக் கொடுத்தார்கள். புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது. தொழில் தெரிந்தவரா, நம்பகமானவரா என்பதே அங்கே கேட்கப்பட்ட கேள்வி. மூஸா (அலை) அவர்களைப் பணிக்கு அமர்த்துமாறு அந்தப் பெண் தம் தந்தைக்குப் பரிந்துரைத்ததை அல்கஸஸ் அத்தியாயம் எடுத்துரைக்கும்போதும், வலிமை, நம்பகம் என்னும் இரண்டு தகுதிகளே பேசப்படுகின்றன. ஒன்றிருந்து மற்றொன்று இல்லையென்றால் போதாது. லாரியும் கிடங்கும் தொழிலறிவும் இல்லாத நல்ல மனிதரும் நமக்கு உதவமாட்டார். இவையெல்லாம் இருந்தும் அமானிதம் பேணாதவரும் உதவமாட்டார்.

முஸ்லிம் வணிகர்களை ஆதரிக்க வேண்டாம் என்று நாம் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். முறையாகப் பதிவு செய்து, வரி கட்டி, ரசீது கொடுத்து, நேர்மையாக லாரித் தொழில் நடத்தும் சகோதரர்கள் எத்தனையோ பேர் நம்மில் இருக்கிறார்கள். ‘நம்ம பாய்’ மோகத்தால் முதலில் அடிபடுவது அவர்கள்தாம். அவர்கள் முறைப்படி ரூபாய் 25,000 என்று எழுதிக் கொடுத்தால், பலகையில் பிறை வரைந்து வைத்திருக்கும் இன்னொருவர் 14,000 என்று வாயால் சொல்லி அந்த வேலையைத் தட்டிச் செல்கிறார். பிறகு வழியில் நிறுத்தி 30,000 வாங்குகிறார்.

எழுதிக்கொள்வது அவநம்பிக்கை என்போர் அல்பகராவின் 282ஆம் வசனத்தைச் சற்றே ஓதிப் பார்க்கட்டும். குர்ஆனின் மிக நீண்ட வசனம் அது. தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ அன்றி, தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றியே அது பேசுகிறது. சிறிதோ பெரிதோ, எழுதச் சலிப்படைய வேண்டாம் என்கிறது. அடுத்த வசனத்தில் ஒருவரையொருவர் நம்பினால் எழுதாமலும் இருக்கலாம் என்ற இடம் உண்டே என்று கேட்கலாம். உண்டு. எழுதுவது கடமையன்று, விரும்பத்தக்கது என்பதே பெரும்பாலான ஃபுகஹாக்களின் கருத்து என்பதையும் நாம் மறைக்கவில்லை. ஆனால் அந்த இடம் ஒருவரையொருவர் அறிந்து நம்பியவர்களுக்கு உரியது. நேற்று இரவு கைப்பேசியில் தேடிப் பிடித்த எண்ணை இன்று காலை அமானிதக்காரர் ஆக்குவதற்கு அந்த வசனத்தைச் சான்றாகக் கொண்டுவருவது முறையா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபியவர்கள் கூறிய செய்தி திர்மிதீயில் இருக்கிறது. நம் குழந்தைகளுக்கும் அது மனப்பாடம். பெரியவர்களாகிய நாம்தான் கயிற்றை மறந்துவிடுகிறோம்.

மோசடி எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே பார்த்துவிடுவோம். இணையத்தில் ‘பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸ்’ என்று தேடி எண்ணைப் பதிந்த சில நிமிடங்களில் பத்து அழைப்புகள் வரும். பேசுபவர்களில் பலரிடம் ஒரு லாரிகூட இருக்காது. வேலையைப் பிடித்து வேறொருவருக்குக் கைமாற்றிவிடும் தரகர்கள் அவர்கள். புகழ்பெற்ற நிறுவனமொன்றின் பெயருக்கு முன்னோ பின்னோ ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்வார்கள். இணைய வரைபடத்தில் அலுவலகம் இருப்பதாகக் காட்டும். நேரில் போனால் அங்கே தேநீர்க்கடை இருக்கும். வீட்டுக்கு வந்து சாமான்களைப் பார்க்காமலே தொகை சொல்வார்கள். அந்தத் தொகை மற்றவர்கள் கேட்பதில் பாதியாக இருக்கும். முன்பணத்தைத் தனிநபர் ஒருவரின் யூ.பி.ஐ. எண்ணுக்கு அனுப்பச் சொல்வார்கள். ஏற்றும் நாளன்று ஆட்கள் வருவார்கள், கட்டுவார்கள், எல்லாம் சரியாகவே நடக்கும். கதவு பூட்டப்பட்டு, வாடகை வீட்டின் சாவி உரிமையாளரிடம் போய்ச் சேர்ந்து, நம் உடைமை முழுவதும் லாரிக்குள் இருக்கிறது என்ற நிலை வந்த பிறகே உண்மையான பேரம் தொடங்கும்.

நாம் அறிந்த குடும்பமொன்று திருச்சியிலிருந்து ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. பேசியது 18,000. ஏற்பாடு செய்துகொடுத்தவர் ஜும்ஆவில் பழக்கமானவர். எழுத்து ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் அழைப்பு வந்தது. சாமான் அதிகமாம், சோதனைச் சாவடியில் வரியாம், வேறு வண்டிக்கு மாற்றிய கூலியாம். மொத்தம் 31,000 கொடுத்தால்தான் கிடங்கிலிருந்து சரக்கு வெளியே வரும் என்றார்கள். புது வீட்டில் பாய்கூட இல்லாமல் பிரசவமாகி இருபது நாளான பெண்ணும் கைக்குழந்தையும் தரையில் இருந்தார்கள். கொடுத்துவிட்டார்கள். வந்து இறங்கியதில் வாப்பா காலத்துச் செம்புப் பாத்திரங்கள் அடங்கிய பெட்டி இல்லை. பெட்டிகளுக்கு எண்ணும் இல்லை, பட்டியலும் இல்லை. ஆகவே அப்படியொரு பெட்டி இருந்தது என்பதற்குச் சான்றும் இல்லை. “கத்ர், போகட்டும்” என்று சொல்லி அந்தக் குடும்பம் அதோடு விட்டுவிட்டது.

கத்ரை நம்புகிறோம். ஆனால் கிடங்கில் சாமானைப் பூட்டிவைத்துப் பணம் பறித்தவனின் செயலுக்குக் கத்ர் என்று பெயர் சூட்டுவதற்கு நாம் உடன்படமாட்டோம். நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் ஹிதாயாவில் இஜாராவின் பாடத்தில் ஒரு சட்டம் உண்டு. சாயம் தோய்ப்பவரைப் போல, செய்த வேலையின் தடயம் பொருளிலேயே தங்கும் கைவினைஞர் கூலி கிடைக்கும்வரை பொருளைத் தம்மிடம் நிறுத்திவைக்கலாம். சுமை தூக்குபவர், படகோட்டி போன்றோருக்கு அந்த உரிமை கிடையாது; அவர்களுடைய வேலை பொருளில் எந்தத் தடயத்தையும் விடுவதில்லை. பேசிய நியாயமான கூலிக்காகக்கூடச் சுமைகாரர் பொருளைப் பிடித்துவைக்க ஹனஃபீ ஃபிக்ஹ் இடம் தரவில்லை என்றால், பேசாத தொகைக்காகப் பிடித்துவைப்பதை என்னவென்று சொல்வது? அது கஸ்பு, அபகரிப்பு. அதைச் செய்பவரின் தாடியும் தொப்பியும் அந்தப் பெயரை மாற்றிவிடாது.

அந்தச் ‘சோதனைச் சாவடி வரி’யைப் பற்றியும் ஒரு சொல். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபின் மாநில எல்லைகளில் பழைய நுழைவு வரி வசூல் இல்லை. பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்கு இ-வே பில் எடுப்பதிலிருந்தும் விலக்கு இருக்கிறது. ஆகவே எல்லையில் நிற்கிறோம், வரி கட்டப் பணம் அனுப்புங்கள் என்று ஓட்டுநர் அழைத்தால் அது பொய்யாகவே இருக்கும். எந்த அதிகாரி, எந்த ரசீது என்று கேளுங்கள். பெரும்பாலும் அழைப்பு துண்டிக்கப்படும்.

இனி, கேட்க வேண்டிய காகிதங்கள். இந்தியாவில் ‘பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸ்’ உரிமம் என்று தனியாக ஒன்று வழங்கப்படுவதில்லை. “அரசு அங்கீகாரம் பெற்றது” என்று பலகையில் எழுதியிருந்தால், எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேட்பதே முதல் சோதனை. பொதுமக்களின் சரக்கைச் சாலை வழியே கூலிக்கு ஏற்றிச் செல்வோர் 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின்படி மாநில அல்லது வட்டாரப் போக்குவரத்து ஆணையத்திடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். லாரி இல்லாத தரகரையும் முன்பதிவு நிறுவனத்தையும்கூட இந்தச் சட்டம் விட்டுவைக்கவில்லை. 1865ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு 2011இல் நடைமுறைக்கு வந்த சட்டம் இது. அந்தப் பதிவுச் சான்றிதழின் படியைக் கேளுங்கள். ‘அப்படியொன்று இருக்கிறதா?’ என்று திருப்பிக் கேட்பவரிடம் வீட்டுச் சாமானை ஒப்படைக்கலாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

ஜி.எஸ்.டி. எண்ணைச் சரிபார்ப்பது அதைவிட எளிது. பதினைந்து எழுத்தும் எண்ணும் கொண்டது அது. தமிழ்நாட்டில் பதிவானதென்றால் 33 என்று தொடங்கும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் யார் வேண்டுமானாலும், கணக்கு இல்லாமலே, அந்த எண்ணை இட்டுப் பார்க்கலாம். நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயர், பதிவு நடப்பில் இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்பதெல்லாம் தெரியும். அங்கே காணும் பெயரும், பலகையிலுள்ள பெயரும், பணம் அனுப்பச் சொல்லும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றும் மூன்றாக இருந்தால் விலகிவிடுங்கள். லாரியின் எண்ணை எம்-பரிவாஹன் செயலியில் இட்டால் தகுதிச் சான்றும் காப்பீடும் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்துவிடலாம். நம் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியில் செலவிடும் நேரத்தில் ஐந்து நிமிடம் இதற்குப் போதும்.

வீட்டுக்கு வந்து சாமான்களைப் பார்த்த பிறகே தொகை பேசுங்கள். ஏற்றுகூலி, இறக்குகூலி, மாடிக் கூலி, சுங்கச்சாவடிக் கட்டணம், கட்டும் பொருள்களின் விலை எல்லாம் அந்தத் தொகைக்குள் அடக்கமா என்று வரிவரியாக எழுதி வாங்குங்கள். ஏற்றிய அதே வண்டி வீட்டு வாசல்வரை வருமா, அல்லது வழியில் பிறர் சரக்கோடு சேர்த்து வேறு வண்டிக்கு மாற்றுவார்களா என்பதும் எழுத்தில் இருக்கட்டும். பொருள்கள் காணாமற்போவது பெரும்பாலும் அந்த மாற்றத்தில்தான். பெட்டிகளுக்கு எண் இட்டு, இரண்டு படிகளில் பட்டியல் எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும். தங்க நகை, பத்திரங்கள், நிக்காஹ் சான்று, பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ் ஆகியவை கையோடு வரட்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலானது லாரி ரசீது. தொழிலில் ‘எல்.ஆர்.’ என்பார்கள். சரக்கின் மதிப்பை நாம் அறிவித்துக் கொடுக்கும் சீட்டும், அதைப் பெற்றுக்கொண்டு நிறுவனம் தரும் ரசீதும் சட்டம் கட்டாயமாக்கியவை. இவை கையில் இருந்தால், பொருள் தொலைந்தபோது நிறுவனத்தின் கவனக்குறைவை நாம் நிரூபிக்கத் தேவையில்லை. பொறுப்பு அவர்கள்மீதே விழும். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கூடுதல் பொறுப்புக்கான கட்டணத்தை ஒப்புக்கொண்டு கட்டாத நிலையில், இழப்பீட்டுக்கு உச்சவரம்பு உண்டு. ரசீதிலுள்ள வாடகையைப்போல் பத்து மடங்கு. அதுவும் நாம் அறிவித்த மதிப்புக்கு மேற்படாமல். வரியைக் குறைக்க, 20,000 கொடுத்துவிட்டு 5,000க்கு ரசீது வாங்கும் புத்திசாலிகள் இதைக் கணக்கிட்டுப் பார்க்கட்டும். இரண்டு லட்சம் வரை கேட்க வேண்டிய இடத்தில் ஐம்பதாயிரத்தோடு நின்றுவிடும்.

‘டிரான்சிட் இன்சூரன்ஸ்’ என்று சரக்கு மதிப்பில் மூன்று விழுக்காடு வாங்குவோரும் உண்டு. காப்பீடு பற்றிய மார்க்கச் சர்ச்சையை இங்கே நாம் திறக்கப்போவதில்லை. ஆகுமென்று கருதுவோரும், காப்பீட்டு நிறுவனம் வழங்கிய பாலிசிச் சான்றைக் கேளாமல் பணம் கொடுக்கக் கூடாது என்பதே நம் பேச்சு. பல இடங்களில் அப்படியொரு பாலிசியே எடுக்கப்படுவதில்லை. பணம் பைக்குள் போகிறது. ரசீதின் மூலையில் ‘ஓனர்ஸ் ரிஸ்க்’ என்று முத்திரை விழுந்திருக்கும், சேதம் உங்கள் தலையில் என்று பொருள். பொதுவாகப் பலருக்கும் வேலை செய்யும் கூலிக்காரரின் கையிலுள்ள பொருள் அமானிதமே, வரம்பு மீறினால்தான் ஈடு என்பது இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. தவிர்க்க முடியாத பேரிடர் தவிர மற்றெல்லாவற்றுக்கும் ஈடு உண்டு என்பது அவர்களின் இரு மாணவர்களான இமாம் அபூ யூசுஃப், இமாம் முஹம்மத் (ரஹ்) ஆகியோரின் கருத்து. மக்களின் பொருள்களைக் காக்க இதுவே பொருத்தமானது என்று ஹனஃபீ அறிஞர்கள் பலர் பிற்காலத்தில் கருதினர். ஆகவே, சேதத்துக்குப் பொறுப்பேற்கிறோம் என்று நிறுவனத்திடமிருந்து எழுதி வாங்குவது மார்க்கத்துக்கு அந்நியமான காரியமன்று.

ஒரே ஊருக்குள் மாறுவோருக்கு இத்தனையும் வேண்டியதில்லை. தெரிந்த குட்டியானை வண்டியும் நான்கு சுமைத் தொழிலாளரும் போதும். பள்ளிவாசல் மாறும் இமாம்களும் முஅத்தின்களும் பெரும்பாலும் அப்படியே மாறுகிறார்கள். கிதாபுப் பெட்டிகளைத் தவிர அவர்களிடம் பாரமாக ஏதும் இருப்பதில்லை.

இதுவரை மோசடிக்காரரைப் பேசினோம். இனி நம்மையும் பேசியாக வேண்டும். இந்தப் பகுதி சிலருக்குக் கசக்கலாம்.

“பில் வேண்டுமா, வேண்டாமா? பில் என்றால் ஜி.எஸ்.டி. தனி” என்று அவர்கள் கேட்கும்போது, நம்மில் பத்துப் பேரில் எத்தனை பேர் பில் வேண்டும் என்கிறோம்? வரியை மிச்சப்படுத்தினோம் என்று மகிழ்கிறோம். உண்மையில், நம் கையிலிருந்த ஒரே ஆதாரத்தை நாமே கிழித்துப் போடுகிறோம். இதைவிடக் கொடியது ‘கிளெய்ம் பில்’. வங்கியிலோ பெரிய நிறுவனத்திலோ பணிபுரிபவர் இடமாற்றம் பெற்றால், சாமான் கொண்டுபோகும் செலவை அலுவலகம் திருப்பித் தரும். வங்கிகள் பலவும் இந்திய வங்கிகள் சங்கம் பரிந்துரைத்த போக்குவரத்து நிறுவனங்களின் ரசீதைக் கேட்கும். இதற்கென்றே போலி ரசீது அச்சடித்துத் தரும் கும்பல் நாடெங்கும் இருக்கிறது. பதினைந்தாயிரத்துக்கு மாறிவிட்டு அறுபதாயிரத்துக்கு ரசீது. சாமானே போகாமல் ரசீது மட்டும் போவதும் உண்டு. ஹாஜியார் என்று பெயரெடுத்தவர்கள்கூட இதைக் கூச்சமின்றிச் செய்கிறார்கள். “எல்லாரும் வாங்குகிறார்கள், கம்பெனிப் பணம்தானே” என்கிறார்கள்.

கம்பெனிப் பணம் என்றால் ஹலாலாகிவிடுமா? உணவுக் குவியலின் உள்ளே ஈரத்தை மறைத்து மேலே உலர்ந்ததைக் காட்டிய வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி முஸ்லிம் கிரந்தத்தில் இருக்கிறது. மோசடி செய்பவருக்கும் தமக்கும் தொடர்பில்லை என்று சொன்னார்கள். அங்கே மறைக்கப்பட்டது சிறிது ஈரம்தான். நாம் கொடுப்பது உள்ளும் புறமும் பொய்யான தாள். போலி ரசீது தர ஒப்புக்கொள்பவர் பொய்யர் என்பது நமக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே அவரைத் தேர்ந்தெடுக்கிறோம். பிறகு அதே பொய்யர் நம் சலவை இயந்திரத்தை உடைத்துவிட்டார், நம்மிடமே கூடுதல் பணம் கேட்கிறார் என்று புலம்புகிறோம். வழக்குப் போடலாம் என்றால், எந்த ரசீதைக் கொண்டு போடுவது? நீதிமன்றத்தில் அதைக் காட்டினால் முதலில் சிக்குவது நாமே. அவருக்கு அது தெரியும். அதனால்தான் அவர் அத்தனை துணிவோடு பேசுகிறார்.

சுமை தூக்குவோரிடமும் நம் நடத்தை சீராக இல்லை. கூலியைப் பேசாமல் “முதலில் ஏற்றுங்கள், பார்த்துக் கொடுக்கிறோம்” என்பதும், முடிந்தபின் கையில் ஐம்பது ரூபாயைத் திணிப்பதும் நம் வழக்கமாகிவிட்டன. கூலிக்கு ஆள் அமர்த்துபவர் கூலியை முன்னரே தெரிவித்துவிட வேண்டும் என்றே நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடாதவருக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடப்போவதாக அல்லாஹ் கூறும் ஹதீஸ் குத்ஸீ புகாரியில் இருக்கிறது. நாம் கேட்கும் தெளிவை நாமும் கொடுக்க வேண்டாமா? அந்த ஆட்கள் பெரும்பாலும் நிறுவனத்தின் ஊழியர்கள்கூட அல்லர், அன்றாடக் கூலிகள். நிறுவனக்காரர் அவர்களுக்குக் கொடுக்காமல் விட்டதையே அவர்கள் நம் வாசலில் கேட்டு நிற்கிறார்கள்.

ஏமாந்த பிறகு வரும் மௌனம் இன்னொரு தீமை. “ஒரு முஸ்லிமின் குறையை வெளியே சொல்லலாமா? ஃகீபத் ஆகாதா?” என்று கேட்கிறார்கள். ஃகீபத் விலக்கப்பட்டதே. ஆனால் அநீதி இழைக்கப்பட்டவர் முறையிடுவதும், தீங்கிலிருந்து பிறரை எச்சரிப்பதும் அதில் சேரா என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் ஆறு விதிவிலக்குகளை வரிசைப்படுத்தி விளக்கியிருக்கிறார்கள். திருமணத்துக்கு ஆலோசனை கேட்ட ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களிடம் நபியவர்கள் பெண் கேட்டவர்களின் குறைகளை வெளிப்படையாகவே சொன்னார்கள். நாம் வாய் மூடிக்கொண்டால், அடுத்த மாதம் அதே லாரியில் ஏறப்போவது பக்கத்துத் தெருக் குடும்பத்தின் சாமான். அந்த இழப்பில் நம் மௌனத்துக்கும் பங்குண்டு.

முறையிடுவதற்குக் காலக்கெடு இருப்பதை மறந்துவிட வேண்டாம். பொருள் தொலைந்தாலோ சேதமடைந்தாலோ, முன்பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் நிறுவனத்துக்கு எழுத்துப்பூர்வமான அறிவிப்பு போய்ச் சேர வேண்டும். அது இல்லாமல் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்குத் தொடர முடியாது. விரைவுத் தபாலில் பதிவு செய்து அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான சேவைகளுக்குக் கட்டணமும் இல்லை. சாமானைப் பிடித்துவைத்து மிரட்டினால் காவல் நிலையம் செல்லுங்கள். இது சிவில் விவகாரம் என்று சொல்லி அனுப்பப் பார்ப்பார்கள். ஏற்றிச் செல்ல ஒப்படைத்த சரக்கில் நம்பிக்கை மோசடி செய்பவருக்கு ஏழு ஆண்டுகள் வரை சிறை என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவு சொல்வதை மனுவிலேயே எழுதிக் கொடுங்கள்.

இதில் ஜமாஅத் நிர்வாகங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நிக்காஹ் பதிவேட்டைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் நமக்கு, பள்ளிவாசல் அலுவலகத்தில் இன்னொரு ஏடு வைப்பது பாரமன்று. மஹல்லாவிலிருந்து குடிபெயர்வோரும் வந்து குடியேறுவோரும் எந்த நிறுவனத்தில் மாறினார்கள், அதன் பதிவு எண் என்ன, பேசிய தொகை எவ்வளவு, கொடுத்த தொகை எவ்வளவு, சொன்ன நாளில் சாமான் வந்ததா என்று நான்கு வரிகள் எழுதிவைத்தால் போதும். ‘நம்ம பாய்’ உண்மையில் நல்லவராக இருந்தால் அந்த ஏடு அவருக்கே பெரிய விளம்பரமாகிவிடும். அதன் முதல் பக்கத்தில் இரண்டு எண்களையும் எழுதி ஒட்டுங்கள். தேசிய நுகர்வோர் உதவி மையம் 1915. முன்பணத்தை இணையவழியில் பெற்றுக்கொண்டு ஆள் மறைந்துவிட்டால் 1930. பணம் அனுப்பிய அன்றே அழைத்தால் அதை வங்கியிலேயே முடக்கி நிறுத்த வழியுண்டு.